காரீயமும் குழந்தைகளின் நுண்ணறிவும்: ஆய்வுகளை ஒருங்கிணைத்த புள்ளியியல் முறைகளின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

குழந்தைகளின் இரத்தத்தில் சேரும் காரீயம் அவர்தம் நுண்ணறிவைக் குறைக்கிறதா என்னும் வினா இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியும் முடிவின்றி விவாதிக்கப்பட்டது. தனித்தனியே நிகழ்ந்த ஆய்வுகளை ஒருங்கிணைக்கும் புள்ளியியல் முறைகள் அவ்விவாதத்தை எவ்வாறு மாற்றின என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. 1990, 1994, 2005 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த தொகுப்பாய்வுகள் ஒரே வினாவுக்குத் திரும்பத் திரும்ப விடை தேடியவை அல்ல; முறையே 'விளைவு உண்டா?', 'எவ்வளவு?', 'எந்த அளவிலிருந்து?' என்னும் மூன்று வேறு வினாக்களுக்கு விடை கண்டவை என்பதும், தீங்கற்ற அளவு ஒன்று உண்டு என்னும் கருத்து மூன்றாம் கட்டத்திலேயே தன் செல்வாக்கை இழந்தது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: காரீயம், நுண்ணறிவு ஈவு, மெட்டா பகுப்பாய்வு, வாசல் அளவு, இரத்தக் காரீய அளவு, பொதுநல்வாழ்வு வரலாறு

1. முன்னுரை

தமிழில் 'ஈயம்' என்னும் சொல் இரு உலோகங்களைக் குறிக்கும். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுதலும் வெள்ளீயத்தைச் சார்ந்தவை. நஞ்சுத்தன்மை மிக்கதும், வண்ணப்பூச்சு, பெட்ரோல், மின்கலம் ஆகியவற்றில் பயன்பட்டதுமான உலோகம் காரீயம். மயக்கம் நேராதிருக்க இக்கட்டுரை முழுவதும் 'காரீயம்' என்னும் சொல்லே ஆளப்படுகிறது.

காரீயம் நஞ்சு என்பது பழைய செய்தி. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் குழந்தைகளுக்கு நேர்ந்த காரீய நச்சேற்றத்திற்கு வீட்டுத் தாழ்வாரக் கம்பிகளிலும் சுவர்களிலும் பூசப்பட்ட வண்ணமே மூலம் என லாக்ஹார்ட் கிப்சன் என்னும் மருத்துவர் 1904ஆம் ஆண்டிலேயே எழுதினார். கடும் நச்சேற்றத்தைப் பற்றி அறிஞரிடையே பெரிய கருத்து வேறுபாடு இருக்கவில்லை. வலிப்போ வயிற்றுவலியோ இன்றி, நலமாகத் தோன்றும் ஒரு குழந்தையின் உடலில் சிறிதளவு காரீயம் இருந்தால் தீங்கு உண்டா என்பதே விவாதத்திற்குரிய வினாவாக இருந்தது. அவ்வினாவுக்கு மருத்துவமனைப் படுக்கையருகே விடை கிடைக்காது. பல நூறு குழந்தைகளின் அளவீடுகளை ஒப்பிட்டே அதற்கு விடை காண இயலும். ஆகவே இது தொடக்கத்திலிருந்தே புள்ளியியல் சார்ந்த வினாவாக அமைந்தது.

2. வாசல் அளவும் மெய்ப்பிக்கும் பொறுப்பும்

1921 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ராஎத்தில் காரீயத்தைப் பெட்ரோலில் கலந்தால் இயந்திரத்தின் தட்டொலி அடங்குவதைக் கண்டறிந்தார். 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் இச்சேர்மத்தைக் கையாண்ட தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். இதையடுத்து 1925 மே மாதம் அமெரிக்கத் தலைமை மருத்துவ அலுவலர் மாநாடு ஒன்றைக் கூட்டினார். ஆலிஸ் ஹாமில்டன், யாண்டெல் ஹெண்டர்சன் ஆகியோர் பொதுமக்கள் அனைவரையும் காரீயத்திற்கு ஆட்படுத்துவதன் ஆபத்தை அங்கே எடுத்துரைத்தனர். எனினும், அம்மாநாட்டின் விளைவாக அமைந்த குழு, சில மாதங்களில் முடிந்த சிறிய ஆய்வொன்றைக் கொண்டு, தடை விதிக்க அப்போதைக்குப் போதிய காரணம் இல்லை என்றும் ஆய்வு தொடர வேண்டும் என்றும் 1926 தொடக்கத்தில் அறிவித்தது.

தொடர்ந்த ஆய்வு பெரும்பாலும் தொழில்துறையின் நிதியில் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தின் கெட்டரிங் ஆய்வகத்தில் ராபர்ட் கீஹோவின் தலைமையில் நடந்தது. காரீயம் இயற்கையாகவே மனித உடலில் உள்ளது. உடல் அதை வெளியேற்றும். ஒரு குறிப்பிட்ட வாசல் அளவைத் தாண்டினால் மட்டுமே தீங்கு என்பன அவருடைய கருத்துகள். அவ்வளவு டெசிலிட்டர் இரத்தத்திற்கு 80 மைக்ரோகிராம் என அவர் கொண்டார். 1965இல் புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சன், அக்கால மனிதர் உடலிலிருந்த காரீயம் இயற்கையானதன்று, தொழிற்காலம் சேர்த்தது என்று வாதிட்டு இக்கருத்தின் அடித்தளத்தையே கேள்விக்குள்ளாக்கினார்.

இங்குக் கருதத்தக்கது மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்பது. தீங்கு மெய்ப்பிக்கப்படும் வரை பயன்பாடு தொடரலாம் என்பதே அன்றைய நடைமுறை. அந்நடைமுறையில், 'புள்ளியியல் முக்கியத்துவமுள்ள வேறுபாடு காணப்படவில்லை' என முடியும் ஒவ்வொரு சிறிய ஆய்வும் தீங்கின்மைக்குச் சான்றாக எண்ணப்பட்டது. சிறிய ஆய்வுகள் பெருகப் பெருக ஐயம் நீங்கவில்லை. மாறாக, ஐயத்திற்கான சான்றுகளே பெருகியதுபோல் தோன்றியது.

3. ஒருங்கிணைப்பு முறைகளின் தோற்றம்

ஆய்வுகளைச் சேர்த்து நோக்கும் முறை காரீயத்திற்காக உருவானதன்று. அதன் தொடக்கக் காலச் சான்றுகளுள் ஒன்று இந்தியாவோடு தொடர்புடையது. தென்னாப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் பணியாற்றிய பிரித்தானியப் படைவீரர்களுக்குப் போடப்பட்ட குடற்காய்ச்சல் தடுப்பூசியின் பயனை அறிய, வெவ்வேறு படைப்பிரிவுகளின் தரவுகளிலிருந்து ஒட்டுறவுக் கெழுக்களைக் கணித்து, அவற்றின் சராசரியை 1904இல் கார்ல் பியர்சன் வெளியிட்டார். பல குழுக்கள் தனியே முடிவு கூற இயலாத அளவு சிறியவை என்பதே அவர் சேர்த்து நோக்கியதன் காரணம். குழுவுக்குக் குழு கெழுக்கள் ஒழுங்கின்றி மாறுபடுவதையும் அவர் கவனித்தார். அளவிற் சிறுமை, தம்முள் முரண் என்னும் இவ்விரு இடர்களும் இன்றளவும் தொகுப்பாய்வின் மையச் சிக்கல்களாக நிற்கின்றன.

முதல் இடருக்கு ரொனால்ட் ஃபிஷர் 1932இல் எளிய தீர்வொன்றை அளித்தார். ஒவ்வோர் ஆய்வின் பி-மதிப்புக்கும் இயல்மடக்கை கண்டு, அவற்றின் கூடுதலை எதிர்ம இரண்டால் பெருக்கினால் கிடைப்பது, ஆய்வுகளின் எண்ணிக்கையைப் போல் இருமடங்கு கட்டின்மைக் கூறுகள் கொண்ட கைவர்க்கப் பரவலைப் பின்பற்றும். எடுத்துக்காட்டாக, மூன்று ஆய்வுகளின் பி-மதிப்புகள் 0.10, 0.12, 0.15 எனக் கொள்வோம். 0.05 என்னும் வழக்கமான எல்லையை எதுவும் எட்டவில்லை. தனித்தனியே நோக்கினால் மூன்றும் 'விளைவு காணப்படவில்லை' என்றே பதிவாகும். சேர்த்துக் கணித்தால் கைவர்க்க மதிப்பு 12.64 ஆகிறது. 6 கட்டின்மைக் கூறுகளுக்கு 5 விழுக்காட்டு எல்லை 12.59. மூன்று 'இல்லை'கள் சேர்ந்து ஓர் 'உண்டு' ஆகலாம் என்பதை இக்கணக்கு காட்டும்.

இரண்டாம் இடரை வில்லியம் காக்ரன் 1937, 1954 ஆகிய ஆண்டுகளின் கட்டுரைகளில் அணுகினார். துல்லியம் மிக்க ஆய்வுக்கு மிகுந்த எடையளித்துச் சராசரி காண்பதும், ஆய்வு முடிவுகள் தற்செயலால் விளையக்கூடியதைவிட மிகுதியாக வேறுபடுகின்றனவா என்று சோதிப்பதும் அவர் வகுத்த நெறி. 1976இல் கல்வியியலாளர் ஜீன் கிளாஸ் இத்தகைய முறைகளுக்கு 'மெட்டா பகுப்பாய்வு' என்னும் பெயரைச் சூட்டினார். 1979இல் ராபர்ட் ரோசென்தால், விளைவு காணாத ஆய்வுகள் வெளியாகாமல் மேசை இழுப்பறையிலேயே தங்கிவிடும் இடரைச் சுட்டினார். 1986இல் டெர்சிமோனியன், லேர்டு ஆகியோர், ஆய்வுக்கு ஆய்வு உண்மையான விளைவே மாறுபடலாம் என்பதை ஏற்றுக் கணிக்கும் எளிய முறையை மருத்துவ ஆய்வுகளுக்கு வழங்கினர். காரீய விவாதம் முற்றிய காலத்தில் கருவிகள் ஆயத்தமாயிருந்தன.

4. தனித்த ஆய்வுகளின் காலம்

1943இல் பாஸ்டனில் பையர்ஸ், லார்டு என்னும் இரு மருத்துவர்கள், நச்சேற்றத்திலிருந்து 'குணமான' 20 குழந்தைகளைப் பின்தொடர்ந்து, அவர்களுள் 19 பேர் பள்ளியில் பின்தங்கியதைக் கண்டனர். எனினும் அது கடும் நச்சேற்றத்திற்கு ஆளானோர் பற்றியது. நலமாகத் தோன்றும் குழந்தைகளைப் பற்றிய விவாதத்தைத் தொடங்கிவைத்தது ஹெர்பர்ட் நீடில்மனும் அவர்தம் குழுவினரும் 1979இல் வெளியிட்ட ஆய்வு.

இரத்தத்திலுள்ள காரீயம் அண்மைக்கால வரவை மட்டுமே காட்டும். பல்லில் சேர்வதோ நெடுங்காலத் திரட்சி. மாசசூசெட்ஸின் செல்சி, சோமர்வில் ஆகிய ஊர்களில் முதல், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளின் விழுந்த பால்பற்களை அவர்கள் திரட்டினர். பற்காரீயம் மிகுந்த 58 குழந்தைகளையும் குறைந்த 100 குழந்தைகளையும் ஒப்பிட்டதில், முன்னவர்களின் சராசரி நுண்ணறிவு ஈவு 102.1, பின்னவர்களுடையது 106.6 என அமைந்தன. வேறுபாடு 4.5 புள்ளிகள்.

எதிர்ப்பு உடனே எழுந்தது. காரீயம் மிகுந்த வீடுகள் பெரும்பாலும் வறியோர் வாழும் பழைய வீடுகள். ஆகவே வேறுபாட்டுக்குக் காரணம் காரீயமா, வறுமையா, தாயின் கல்வியா என்னும் வினா நியாயமானது. 1983இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் குழு ஒன்று தரவுப் பகுப்பாய்வில் குறை கண்டது. மறுபகுப்பாய்வுக்குப் பின் அம்முகமை முடிவை ஏற்றுக்கொண்டது. 1991இல் நீடில்மன்மீது அறிவியல் நேர்மை குறித்த முறைப்பாடும் எழுந்தது. 1992இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் வெளிப்படையாக நடந்த விசாரணையில் நேர்மைக்கேடு இல்லை எனத் தீர்ப்பாயிற்று. ஒரு பெரிய பொதுநல முடிவு ஒரே ஆய்வின்மீது சாய்ந்து நிற்கும்போது, அந்த ஆய்வை வீழ்த்தினால் போதும் என்னும் நிலை உருவாகிறது என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

இதற்கிடையே பாஸ்டன், சின்சினாட்டி, கிளீவ்லாந்து, ஆஸ்திரேலியாவின் போர்ட் பிரீ முதலிய இடங்களில் குழந்தைகளைப் பிறப்பு முதல் பின்தொடரும் தொடராய்வுகள் தொடங்கின. முடிவுகள் ஒருமுகமாக இல்லை. பிரித்தானியாவில் 1980இல் வெளியான லாதர் குழு அறிக்கை, டெசிலிட்டருக்கு 35 மைக்ரோகிராமுக்குக் கீழ் தீங்குக்கு ஏற்கத்தக்க சான்று இல்லை என்றது. மூன்றாண்டுகளுக்குப் பின் சுற்றுச்சூழல் மாசு பற்றிய அரச ஆணையம் பெட்ரோலிலிருந்து காரீயத்தை நீக்கப் பரிந்துரைத்தது. தொகுப்பாய்வுகள் தோன்றும் முன்பே இப்பரிந்துரை எழுந்தது என்பதையும், அமெரிக்காவில் காரீயமற்ற பெட்ரோல் 1970களில் பரவியதற்குப் புகைபோக்கி வினையூக்கி மாற்றிகள் காரீயத்தால் கெட்டுப்போனதும் ஒரு காரணம் என்பதையும் மறத்தலாகாது. 1976–1980 காலத்தில் அமெரிக்கரின் சராசரி இரத்தக் காரீய அளவு சுமார் 37 விழுக்காடு குறைந்தது. தொகுப்பாய்வுகளின் வரலாற்றுப் பங்கு காரீயப் பெட்ரோலைத் தொடக்கத்தில் குறைத்ததன்று. எஞ்சிய காரீயத்தைப் 'பாதுகாப்பான அளவு' என ஏற்க முடியாதாக்கியதே.

5. முதல் வினா: விளைவு உண்டா?

1990இல் நீடில்மனும் புள்ளியியலாளர் கான்ஸ்டன்டைன் கட்சோனிஸும் வெளியிட்ட மெட்டா பகுப்பாய்வு 24 ஆய்வுகளை இனங்கண்டது. குழப்பக் காரணிகளைக் கணக்கிற்கொண்டு பன்மைத் தொடர்புப்போக்கு முறையைக் கையாண்ட 12 ஆய்வுகள் மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவற்றுள் 7 இரத்தக் காரீயத்தையும் 5 பற்காரீயத்தையும் அளந்தவை. பன்னிரண்டில் பதினொன்றில் காரீயத்தின் கெழு எதிர்மறையாக இருந்தது. இரத்த ஆய்வுகளின் இணைந்த பி-மதிப்பு 0.0001க்கும் குறைவு, சராசரிப் பகுதி ஒட்டுறவு −0.15. பல் ஆய்வுகளில் அது −0.08.

இக்கட்டுரையில் பலரும் கடந்துசெல்லும் செய்தி ஒன்று உண்டு. பன்னிரண்டில் ஏழு ஆய்வுகளுக்கு, விளைவு உண்மையிலேயே இருந்தாலும் அதைக் கண்டறியும் திறன் 0.6க்கும் குறைவாக இருந்தது. பங்கேற்றோர் எண்ணிக்கை 75 முதல் 724 வரை. ஒட்டுறவு உண்மையில் 0.15 அளவினதாயின், 75 குழந்தைகளைக் கொண்ட ஆய்வு அதை வழக்கமான எல்லையில் கண்டறிய ஏறத்தாழ நான்கில் ஒரு வாய்ப்பே உண்டு. ஐந்தில் நான்கு வாய்ப்பு வேண்டுமாயின் சுமார் 350 குழந்தைகள் தேவை எனக் கணித்தறியலாம். ஆகவே, 'சில ஆய்வுகள் காண்கின்றன, சில காணவில்லை. எனவே சான்று முரண்படுகிறது' என்னும் வாதம் வலுவிழந்தது. ஆய்வுகள் முரண்படவில்லை, அவற்றுட் பல, முடிவு கூறும் அளவுக்குப் பெரியனவாக இருக்கவில்லை.

ஆயினும் இத்தொகுப்பு 'உண்டு' என்று மட்டுமே கூறியது. பி-மதிப்பும் ஒட்டுறவும் ஒரு குழந்தை எத்தனை புள்ளிகளை இழக்கிறது என்பதைச் சொல்வதில்லை.

6. இரண்டாம் வினா: எவ்வளவு?

அளவைக் கூறிய இரு கட்டுரைகள் 1994இல் ஒருங்கே வெளிவந்தன. ஜோயல் ஷ்வார்ட்ஸின் கணிப்பில், இரத்தக் காரீயம் டெசிலிட்டருக்கு 10இலிருந்து 20 மைக்ரோகிராமாக உயர்ந்தால் நுண்ணறிவு ஈவு 2.6 புள்ளிகள் குறையும். ரோசென்தால் சுட்டிய இழுப்பறை இடருக்கும் அவர் விடை கூறினார்: விளைவு சுழியாகக் கொண்ட எட்டு ஆய்வுகளைக் கற்பனையாகச் சேர்த்தாலும் தொடர்பு மறையவில்லை. ஸ்டூவர்ட் போகாக், மார்ஜரி ஸ்மித், பீட்டர் பாகர்ஸ்ட் ஆகிய மூவர் 1979 முதல் வெளியான 26 ஆய்வுகளைத் தொகுத்து, அதே உயர்வுக்கு 1 முதல் 2 புள்ளிகள் வரை குறைவு எனக் கண்டனர்.

இரு எண்களும் ஒன்றுக்கொன்று அருகிலேயே உள்ளன. கூறிய பொருளோ வெகுதொலைவில் நிற்கிறது. வாசல் அளவு 10 என்பது நம்பத்தக்கதன்று என ஷ்வார்ட்ஸ் முடித்தார். போகாக் குழுவினர் நான்கு ஐயங்களை முன்வைத்தனர்: வெளியான ஆய்வுகள் முழுமையைப் பிரதிபலிக்கின்றனவா? குழப்பக் காரணிகள் போதிய அளவு கணக்கில் கொள்ளப்பட்டனவா? குழந்தைகளைச் சேர்த்ததிலும் பின்தொடர்ந்ததிலும் சார்பு நேர்ந்ததா? நுண்ணறிவு குறைந்த குழந்தைகளே மண்ணையும் பூச்சையும் மிகுதியாக வாயிலிட்டுக் காரீயத்தை உட்கொள்கின்றனரா? இவற்றால், குழந்தை வளர்ச்சியைத் தடுக்கும் ஏனைய சமூகக் கேடுகளோடு ஒப்பிட்டுக் காரீயத்திற்கு எவ்வளவு முன்னுரிமை தரலாம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்றனர்.

இவ்வேறுபாடு ஒரு முறையியல் உண்மையை உணர்த்துகிறது. தொகுப்பாய்வு தற்செயல் பிழையைக் குறைக்கும். எல்லா ஆய்வுகளுக்கும் பொதுவான முறைசார் பிழையைக் குறைக்காது. பன்னிரண்டு ஆய்வுகளும் வறுமையை ஒரே வகையில் குறைவாக அளந்திருந்தால், அவற்றின் சராசரி அப்பிழையை மேலும் துல்லியமாகத் தரும். போகாக் குழுவினரின் ஐயம் இவ்வகையில் தகுதியுடையது.

'1 முதல் 2 புள்ளி சிறிது' என்னும் கருத்தோ வேறு வகையினது. ஒரு குழந்தைக்கு இரண்டு புள்ளி என்பது தேர்வு நாளின் களைப்பாலும் நேரலாம். ஒரு மக்கள்தொகைக்கு அப்படியன்று. சராசரி 100, திட்ட விலக்கம் 15 எனக் கொண்ட இயல்நிலைப் பரவலில், ஒரு லட்சம் குழந்தைகளுள் 70 புள்ளிக்குக் கீழ் சுமார் 2,280 பேர் இருப்பர். சராசரி 5 புள்ளி குறைந்து 95 ஆனால் அவ்வெண்ணிக்கை சுமார் 4,780 ஆகும்; 130 புள்ளிக்கு மேற்பட்டோர் 2,280இலிருந்து சுமார் 980 ஆகக் குறைவர். சராசரியின் சிறு நகர்வு இரு ஓரங்களில் பெரு மாற்றமாக வெளிப்படும்.

7. மூன்றாம் வினா: எந்த அளவிலிருந்து?

வெளியான கட்டுரைகளைத் தொகுக்கும் முறைக்கு உள்ளார்ந்த எல்லை ஒன்று உண்டு. ஒவ்வொரு கட்டுரையும் தன் தரவுக்கு ஒரு நேர்கோட்டைப் பொருத்தி, அதன் சரிவை மட்டும் தருகிறது. சரிவுகளின் சராசரியும் ஒரு நேர்கோடே. தீங்கு வளைகோடாக அமைந்தால் அச்சராசரி அதைக் காட்டாது. சராசரிக் காரீயம் குறைந்த ஆய்வுகளில் சரிவு செங்குத்தாக இருப்பதை ஷ்வார்ட்ஸ் 1994இலேயே கவனித்திருந்தார். 2003இல் ரோசெஸ்டரின் 172 குழந்தைகளை ஆராய்ந்த கான்ஃபீல்டு குழுவினர், வாழ்நாள் சராசரி இரத்தக் காரீயம் 1இலிருந்து 10 வரை உயர்வதற்குள் 7.4 புள்ளிகள் குறைவதாகக் கண்டனர். ஆனால் இது ஒரே ஊர், சிறு எண்ணிக்கை.

2005இல் புரூஸ் லான்ஃபியரும் அவர்தம் உடனாய்வாளரும் வேறு வழியை மேற்கொண்டனர். கட்டுரைகளின் முடிவுகளை விடுத்து, குழந்தை ஒவ்வொன்றின் மூலத்தரவையும் ஒன்றுசேர்த்தனர். பாஸ்டன், சின்சினாட்டி, கிளீவ்லாந்து, ரோசெஸ்டர், மெக்சிகோ நகரம், போர்ட் பிரீ, கொசோவோ ஆகிய ஏழு இடங்களின் 1,333 குழந்தைகள் இதில் அடங்கினர். போர்ட் பிரீயில் மூலம் உருக்காலை. அமெரிக்கப் பழநகரங்களில் வீட்டு வண்ணப்பூச்சு. மூலம் வேறு, சமூகம் வேறு, மொழி வேறு. காரீயம் மிகுதலும் வறுமையும் ஒன்றுக்கொன்று இணையும் விதம் இடத்துக்கு இடம் மாறும். ஆதலால் ஏழு இடங்களிலும் ஒரே போக்கு காணப்படுமாயின் குழப்பக் காரணியே முழுக் காரணம் என்னும் வாதம் தளர்கிறது. வீட்டுச் சூழல் மதிப்பெண், பிறப்பு எடை, தாயின் நுண்ணறிவு, தாயின் கல்வி ஆகிய நான்கும் அனைவருக்கும் ஒரே முறையில் கணக்கிற்கொள்ளப்பட்டன.

முடிவு வளைகோடாக அமைந்தது. இரத்தக் காரீயம் 2.4இலிருந்து 10 வரை உயர்கையில் 3.9 புள்ளி இழப்பு. 10இலிருந்து 20 வரை 1.9, 20இலிருந்து 30 வரை 1.1. மொத்தம் 6.9 புள்ளிகளுள் பாதிக்கும் மேற்பட்டது, 'பாதுகாப்பு' எனக் கருதப்பட்ட 10க்குக் கீழேயே நிகழ்ந்துவிடுகிறது. ஏழு இடங்களுள் எந்த ஒன்றை நீக்கிக் கணித்தாலும் முடிவு பெரிதும் மாறவில்லை. உச்ச அளவே 7.5க்குக் கீழிருந்த குழந்தைகள் 103 பேர் மட்டுமே என்பது இவ்வாய்வின் குறைபாடு; வளைகோட்டின் மிகத் தாழ்ந்த பகுதி அவர்களைச் சார்ந்தே நிற்கிறது.

மூலத்தரவைத் திரட்டியதன் மற்றொரு பயன், பிறர் அதை மீண்டும் கணிக்க முடிந்தது. 2013இல் கிரம்ப் குழுவினர் தரவுப் பிழைகள் சிலவற்றைச் சுட்டி மறுபகுப்பாய்வு செய்தனர். அவர்களின் முடிவும் பெரும்பாலும் ஒத்தே இருந்தது. 2019இல் மூலக்கட்டுரைக்குத் திருத்தம் வெளியானது. எண்கள் சிறிதே மாறின, முடிவு மாறவில்லை. நீடில்மனின் தனித்த ஆய்வு எதிர்கொண்ட நிலையோடு இதை ஒப்பிடுக. அங்கே தரவு பற்றிய ஐயம் ஆய்வாளரின் நேர்மை பற்றிய விசாரணையாக முடிந்தது. இங்கே அது கணக்கின் திருத்தமாக முடிந்தது.

8. எண்ணிலிருந்து விதிக்கு

அமெரிக்காவில் குழந்தைகளுக்கு ஏற்கத்தக்கதாகக் கொள்ளப்பட்ட எல்லை 1960களில் டெசிலிட்டருக்கு 60 மைக்ரோகிராம். 1970 அளவில் 40, 1975இல் 30, 1985இல் 25, 1991இல் 10 என அது இறங்கியது. இவ்விறக்கம் ஒவ்வொன்றிலும் எண் மாறியதே தவிர, எல்லை என்னும் கருத்து மாறவில்லை. 2012இல் நேர்ந்த மாற்றம் வேறு வகையினது. நோய்க் கட்டுப்பாட்டு மையம் 'கவலைக்குரிய அளவு' என்னும் தொடரையே கைவிட்டு, மக்கள்தொகைப் பரவலைச் சார்ந்த மேற்கோள் மதிப்பை ஏற்றது. அது முதலில் 5. 2021 முதல் 3.5. இம்மதிப்பு பாதுகாப்பான எல்லையைக் குறிப்பதன்று. பிற குழந்தைகளைவிட மிகுதியாகக் காரீயத்திற்கு ஆட்பட்டோரை இனங்காண உதவுவது.

உணவுத் துறையிலும் இதுவே நிகழ்ந்தது. உணவு வேளாண்மை அமைப்பும் உலக நல்வாழ்வு அமைப்பும் இணைந்து நடத்தும் உணவுச் சேர்க்கைப் பொருள்கள் பற்றிய வல்லுநர் குழு, உடல் எடை கிலோவுக்கு வாரம் 25 மைக்ரோகிராம் என்றிருந்த தற்காலிக ஏற்பு அளவை 2010இல் திரும்பப் பெற்றது. அவ்வளவு உட்கொண்டால் குழந்தைகளிடம் குறைந்தது 3 நுண்ணறிவுப் புள்ளிகள் இழப்பாகும் எனக் கணித்த அக்குழு, அதற்கு மாற்றாக வேறு எண் எதையும் பாதுகாப்பானதாக வகுக்கவில்லை. அதே ஆண்டில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் இவ்வகை முடிவுக்கே வந்தது. இவ்விரு கணிப்புகளுக்கும் ஏழு இடங்களின் மூலத்தரவே அடிப்படை.

9. இந்தியச் சூழலில் எழும் வினா

இந்தியாவில் காரீயப் பெட்ரோல் 2000ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. வீட்டு வண்ணப்பூச்சுகளில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. சென்னையில் 3 முதல் 7 வயது வரையிலான 756 குழந்தைகளை ஆராய்ந்து 2009இல் வெளியான கட்டுரை, அவர்களின் சராசரி இரத்தக் காரீய அளவு 11.4 எனவும், அளவு மிகுந்த குழந்தைகளிடம் நடத்தைச் சிக்கல்கள் மிகுந்து காணப்பட்டன எனவும் தெரிவித்தது. 2018இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, 9 மாநிலங்களின் 31 ஆய்வுகளைச் சேர்த்து, இந்தியக் குழந்தைகளின் சராசரி அளவை 6.86 எனக் கணித்தது. 2005ஆம் ஆண்டின் வளைகோட்டில் இது செங்குத்தான பகுதியில் விழுகிறது. அவ்வளைகோட்டை அப்படியே கையாண்டால், 2.4இலிருந்து 6.86 வரையிலான உயர்வுக்கு ஏறத்தாழ 2.8 புள்ளி இழப்பு எனப் பெறப்படும்.

இக்கணக்கு இரு தொகுப்புகளின் சங்கிலி. முதற்கண்ணி, மாநிலங்கள் பலவற்றைத் தொடாத 31 ஆய்வுகள். தொழில்சார் மாசு மிகுந்த இடங்களில் நடந்த ஆய்வுகள் சராசரியை உயர்த்தக் கூடும். இரண்டாம் கண்ணி, ஆசியாவின் ஓர் ஊரையும் கொண்டிராத ஏழு இடங்களின் வளைகோடு. இரும்புச்சத்துக் குறைவு உடலில் காரீய உறிஞ்சலை மிகுவிக்கும். இரத்தச்சோகை பரவலாக உள்ள நாட்டில் அதே வீட்டுத் தூசு உடலில் சேர்க்கும் காரீயமும் மிகும். தாயின் கல்வி, வீட்டுச் சூழல் ஆகியவற்றை அளக்கும் கருவிகளும் இங்குத் தகவமைக்கப்பட வேண்டியவை. பியர்சன் 1904இல் கண்ட இரண்டாம் இடர், அதாவது குழுவுக்குக் குழு மாறுபடும் தன்மை, இங்கே மீண்டும் எதிர்ப்படுகிறது. இதனால் செயல்பாட்டைத் தள்ளிவைக்கலாம் என்பது பொருளன்று. வாசல் அளவு காணப்படாத நிலையில், மெய்ப்பிக்கும் பொறுப்பு காரீயத்தைப் பயன்படுத்துவோரிடமே உள்ளது. இந்தியக் குழந்தைகளின் இழப்பைத் துல்லியமாக அறிய, இந்திய ஊர்களிலிருந்தும் நெடுங்காலத் தொடராய்வுகளும் பகிரத்தக்க மூலத்தரவும் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படுவது.

10. முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, சான்றின்மை தீங்கின்மைக்குச் சான்றாக எண்ணப்பட்டதற்குச் சிறிய ஆய்வுகளைத் தனித்தனியே எண்ணும் பழக்கமே வழிவகுத்தது. 1990ஆம் ஆண்டின் தொகுப்பு அப்பழக்கத்தை முறித்தது. இரண்டாவதாக, அளவு ஒன்றானாலும் அதன் பொருள் ஒன்றாவதில்லை என்பதை 1994ஆம் ஆண்டின் இரு கட்டுரைகள் காட்டுகின்றன. எண்ணைத் தருவது புள்ளியியல், அதற்கு எவ்வளவு முன்னுரிமை என்பதை முடிவு செய்வது சமூகம். மூன்றாவதாக, வாசல் அளவு என்னும் கருத்தை வீழ்த்தியது மேலும் ஒரு சராசரி அன்று. போட்டியிட்ட குழுக்கள் தத்தம் மூலத்தரவை ஒரே மேசையில் வைத்ததே. கீஹோவின் 80இலிருந்து இன்றைய 3.5 வரையிலான ஏறத்தாழ நூறாண்டு இடைவெளியில் காரீயத்தின் தன்மை மாறவில்லை. அதைப் பற்றி அறியும் முறையே மாறியது. அம்மாற்றம் நிகழும் வரை காத்திருந்த காலத்தின் விலையைக் குழந்தைகள் செலுத்தினர்.